ஓடாத வண்டிக்கு எதுக்கு ஆயில்?

2024 நவம்பரில், இரண்டு நாள் அடைமழை விட்ட ஒரு காலையில், ஓய்வு பெற்ற கணக்காசிரியர் ஒருவர் தன் காரை மன்னார்குடியில் இருக்கும் என் பட்டறைக்கு ஓட்டிவந்தார். எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். வண்டி 2017இல் வாங்கியது. 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். மீட்டரில் 31,200 கி.மீ.

“கோயில் வாசல்ல ஏசி போட்டுக்கிட்டு நிக்கும்போது சிவப்பு விளக்கு ஒண்ணு மினுக்குதுடா தம்பி. கிளம்பிட்டா அணைஞ்சிடுது. காலையில ஸ்டார்ட் பண்ணும்போது கடகடன்னு ஒரு சத்தமும் வருது,” என்றார்.

எண்ணெய்க் கிண்டி படம் போட்ட அந்தச் சிவப்பு விளக்கைப் பலரும் ஆயில் அளவைச் சொல்லும் விளக்கு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் அது சொல்வது ஆயிலின் அழுத்தத்தை. அது எரிந்தால், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்கின் பேரிங்குகளுக்கும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுக்கும் ஆயில் போதிய வேகத்தில் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அந்த விளக்கோடு ஐந்து நிமிடம் ஓட்டினால்கூட இன்ஜின் இறுகி, சுழலாமல் நின்றுவிடலாம். சார் மூன்று வாரமாக ஓட்டியிருக்கிறார்.

கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது என்று கேட்டேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். என் பட்டறை ஸ்டிக்கர்தான், என் கையெழுத்துதான். “அடுத்த ஆயில்: 34,300 கி.மீ.” அதாவது 24,300இல் மாற்றியிருக்கிறோம். பில் புத்தகத்தைப் புரட்டினால் தேதி 2022 ஜூன். இருபத்தொன்பது மாதம் ஆகியிருந்தது.

“இன்னும் மூவாயிரம் கிலோமீட்டர் இருக்கே. வண்டி ஓடவே இல்ல, ஓடாத வண்டிக்கு எதுக்கு ஆயில்? எண்ணெய் என்ன மாவா, புளிச்சுப் போறதுக்கு?” என்றார் சார்.

நியாயமான கேள்வி. இந்தப் பக்கத்தில் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அதற்காகவே இந்த வண்டியில் பார்த்ததையெல்லாம் முழுதாக எழுதுகிறேன்.

திறந்து பார்த்ததில்

முதலில் ஆயில் குச்சியை உருவித் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தோம். கீழ்க்கோட்டுக்கும் கீழே, நுனியில் மட்டும் கறுப்பாக ஒட்டியது. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தால், அடிப்பக்கம் வெண்ணெய் காய்ச்சும்போது திரளும் நுரைபோல வெளிர் மஞ்சளாக ஒரு படலம். அதைப் பார்த்ததும் பட்டறைப் பையன், “ஹெட் கேஸ்கட் போயிடுச்சுண்ணே,” என்றான். ஹெட் என்னும் மேல்பாகத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் அந்தத் தகடு பழுதாகி, ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்தாலும் இப்படித்தான் பால்போல ஆகும் என்பதால் அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த மூடியை மட்டும் பார்த்துவிட்டு ஹெட்டைக் கழற்றியவர்கள் நிறைய. அந்தச் செலவை சார் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. கூலன்ட், அதாவது ரேடியேட்டர் தண்ணீரின் அளவு பார்த்தோம், குறையவே இல்லை. கூலன்டில் எண்ணெய்ப் படலமும் இல்லை. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம், எடுத்தோம். 158லிருந்து 165 பிஎஸ்ஐ வரை வந்தது. கேஸ்கட் நன்றாகவே இருக்கிறது. மூடியில் இருந்த தண்ணீர் வேறு வழியாக வந்தது.

அடுத்து, ஆயில் குறைவாக இருப்பதால்தான் விளக்கு மினுக்குகிறதா என்று பார்க்க, அளவு வரும்வரை புது ஆயில் ஊற்றி இன்ஜினைச் சூடாக்கினோம். அப்போதும் மினுக்கியது. பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டினோம். சூடான இன்ஜின் நின்றபடி ஓடும்போது அழுத்தம் 0.35 பார். இந்த மாதிரி இன்ஜினில் குறைந்தது 1 பாராவது காட்ட வேண்டும். ஆகவே சுவிட்சும் பொய் சொல்லவில்லை. ஆயில் இருக்கிறது, ஆனால் பம்பு அதை உறிஞ்ச முடியவில்லை.

இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரைத் திறந்தோம். கேம் ஷாஃப்டைச் சுற்றி, மூலை முடுக்கெல்லாம், வெயிலில் இளகிய தார்போல ஒரு கசடு. விரலால் வழித்தால் கட்டியாக வந்தது. கீழே ஆயில் தேங்கும் தொட்டியை, அதாவது சம்பை, இறக்கினோம். ஆயில் பம்புக்குப் போகும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை இருக்கும், ஸ்ட்ரெய்னர் என்போம். அந்த வலையில் முக்கால்வாசி அடைந்துபோயிருந்தது. மதகில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டால் வாய்க்காலில் தண்ணீர் எப்படி வரும்? ஆற்றில் எவ்வளவு ஓடினாலும் கடைமடை காயத்தான் செய்யும். இந்த இன்ஜினில் கடைமடை என்பது மேலே இருக்கும் கேம் ஷாஃப்ட். காலையில் வந்த கடகட சத்தம் அங்கிருந்துதான்.

இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே இழுக்கும் பிசிவி வால்வும் பிசின் கட்டி நின்றிருந்தது. குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டிய பொருள், ஊமையாகிக் கிடந்தது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது

பெட்ரோல் எரியும்போது தண்ணீர் உண்டாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். காலையில் சைலன்ஸரிலிருந்து சொட்டுமே, அதுதான். பெரும்பகுதி அந்த வழியாகவே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியாகக் கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கும். அதோடு எரியாத பெட்ரோலும் சேர்ந்து வரும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் கூடுதலாகத் தெளிக்கப்படுவதால், அப்போது அது அதிகமாகவே இறங்கும்.

இதெல்லாம் எல்லா வண்டியிலும் தினமும் நடப்பதுதான். ஆயில் 90, 100 டிகிரிக்குச் சூடாகி, கொஞ்ச நேரம் அந்தச் சூட்டிலேயே இருந்தால் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி பிசிவி வால்வு வழியாக வெளியேறிவிடும். ஆனால் ஆயில் அந்தச் சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும். டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஐந்தாறு நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும். அது கூலன்டின் சூடு. ஆயில் அதற்குப் பின்னால்தான் நிதானமாக வரும், கால் மணி இருபது நிமிடம் ஆகும். இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தும் வண்டியில் ஆயில் ஒருநாளும் முழுச்சூட்டுக்கு வருவதில்லை. இறங்கிய தண்ணீர் உள்ளேயே தங்கிவிடுகிறது. எரிந்த புகையில் இருக்கும் நைட்ரஜன் சேர்மங்கள் அந்தத் தண்ணீரோடு சேர்ந்தால் அமிலம்.

ஆயிலில் இதை எதிர்க்க மருந்து கலந்துதான் விற்கிறார்கள். அமிலத்தை முறிக்கக் காரப்பொருள், கரியைத் துகள்துகளாகப் பிரித்தே வைத்திருக்க ஒன்று, உலோகம் உலோகத்தோடு உரசாமல் காக்க ஒன்று, காற்றுப் பட்டுக் கெட்டியாகாமல் தடுக்க ஒன்று. இவையெல்லாம் வேலை செய்யச் செய்யத் தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகு கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். சார் வண்டியில் வழித்தெடுத்த தார் அதுதான்.

அதனால் சாரிடம், “நீங்க கேட்டது சரியான கேள்வி சார். புளிக்கத்தான் செய்யும். டின்ல மூடி இருக்கிற வரைக்கும் வருஷக்கணக்குல கெடாது. இன்ஜின்ல ஊத்திட்டா, மாவு கரைச்சு வெளியில வச்ச மாதிரிதான்,” என்றேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

மாமன் வண்டியும் மருமகன் வண்டியும்

இந்த இடத்தில் இன்னொரு வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாரின் தங்கை மகன் வாடகைக் கார் ஓட்டுகிறார். அதே மாடல், அதே இன்ஜின், அதே 2017. வளைகுடா போகிறவர்களைத் திருச்சி விமான நிலையத்தில் விடுவது, சென்னை சவாரி, வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு என்று மாதம் 5,000 கி.மீ ஓடும். அந்த வண்டியில் டேப்பெட் கவர் கேஸ்கட்டில் ஆயில் கசிவு என்று அதே மாதத்தில் வந்தது. மீட்டரில் 3,46,000. திறந்தால் உள்ளே தேன் நிறத்தில் ஒரு மெல்லிய கறை, அதற்குக் கீழே பளிச்சென்று உலோகம். கசடு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ஒன்றுக்குப் பதினோரு மடங்கு ஓடிய இன்ஜின் சுத்தமாக இருக்கிறது. ஓடாத இன்ஜின் அடைத்துக்கிடக்கிறது. இரண்டுக்கும் ஊற்றியது அதே தர ஆயில், மாற்றியதும் அதே 10,000 கி.மீ கணக்கில். சாரும் என் பக்கத்தில் நின்று இரண்டையும் பார்த்தார். அவருக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த ஒரு வாரம் வேறொரு காரை எடுத்துக்கொண்டு, வழக்கமாகப் போகும் இடத்துக்கெல்லாம் போய், இன்ஜின் ஓடிய நேரத்தையும் தூரத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டு வந்தார்.

ஏழு நாளில் 58 கி.மீ. இன்ஜின் ஓடிய நேரம் 4 மணி 40 நிமிடம். ஸ்டார்ட் செய்தது 19 முறை. இதில் நீடாமங்கலம் போய்வந்த 28 கி.மீட்டரைக் கழித்தால், மற்ற 17 ஓட்டமும் சராசரியாக 2 கி.மீ கூட இல்லை. ராஜகோபாலசாமி கோயில், காய்கறிக் கடை, பேத்தியின் பள்ளிக்கூட வாசலில் ஏசி போட்டபடி காத்திருப்பது, மறுபடி வீடு. நீடாமங்கலம் போனபோதும் ரயில்வே கேட்டில் நின்ற நேரம் கணிசம். அந்தக் கேட்டைத் தெரியாதவர் டெல்டாவில் இல்லை.

கணக்கு அவரே போட்டார். 58ஐ 4 மணி 40 நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு 12.4 கி.மீ. சைக்கிள் வேகம்.

இனி டிராக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் விவசாயி யாரும் டிராக்டருக்குக் கிலோமீட்டர் பார்த்து ஆயில் மாற்றுவதில்லை. மணி மீட்டர் பார்ப்பார். பல டிராக்டர்களில் 250 மணிக்கு ஒருமுறை ஆயில். சேற்றில் ஒரே வயலைச் சுற்றிச்சுற்றி வரும் இன்ஜினுக்குத் தூரத்தை வைத்துக் கணக்குப் பார்ப்பதில் பொருள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். காருக்கும் அதே கணக்கைப் போடலாம். மணிக்கு 40 கி.மீ சராசரியில் ஓடும் கார் 10,000 கி.மீ முடிக்க 250 மணி ஆகும். இரண்டும் ஒன்றாகவே வருகிறது. மருமகன் வண்டி சராசரி 50இல் ஓடினால் 10,000 கி.மீட்டருக்கு 200 மணிதான், அதுவும் சூடான ஆயிலோடு. சார் வண்டி 12.4இல் ஓடினால் அதே 10,000 கி.மீட்டருக்கு 800 மணியைத் தாண்டும். நம்மிடம் வந்தபோது அந்த ஆயிலில் 6,900 கி.மீ ஓடியிருந்தது, அதாவது ஏறக்குறைய 550 மணி. எந்த டிராக்டர்காரரும் ஒரே ஆயிலில் இத்தனை மணி ஓட்டச் சம்மதிக்க மாட்டார்.

இன்னொன்றையும் சார் தன் நோட்டிலிருந்தே கண்டுபிடித்தார். வேலையில் இருந்தபோது தினமும் 12 கி.மீ தள்ளியிருந்த பள்ளிக்கு இதே காரில் போய்வந்தார். அப்போது இந்தத் தொல்லையே வரவில்லை. 2022இல் ஓய்வு பெற்றார். வண்டி அதே வண்டிதான், ஓட்டம் மாறிவிட்டது. ஆயில் கணக்கை மட்டும் நாங்கள் யாரும் மாற்றவில்லை.

என்ன செய்தோம்

கசடைக் கரைக்கும் ஃப்ளஷ் திரவம் ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டினால் வேலை முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். இவ்வளவு கட்டிய இன்ஜினில் அதைச் செய்ய நான் ஒப்பவில்லை. கட்டிகள் ஒரேயடியாகப் பெயர்ந்து வந்து, மிச்சமிருந்த கால்வாசி வலையையும் அடைத்தால் இன்ஜின் போய்விடும். சம்பை இறக்கிக் கையால் சுரண்டிக் கழுவினோம். ஸ்ட்ரெய்னர், பிசிவி வால்வு, ஃபில்டர் எல்லாம் புதிது. வால்வு திறக்கும் நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் பாகம் இந்த இன்ஜினில் உண்டு. அதற்குப் போகும் வழியில் விரல்நகம் அளவுக்கு ஒரு சின்ன வலை இருக்கும், பலர் அதை மறந்துவிடுவார்கள். அதையும் எடுத்துக் கழுவினோம்.

ஆயில், கையேட்டில் சொன்ன அதே 5டபிள்யூ-30. அந்த எண்கள் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்பவை. “பழைய இன்ஜின், கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்துங்க, விளக்கு எரியாது,” என்று பக்கத்துக் கடைக்காரர் யோசனை சொன்னார். விளக்கு அணையலாம், ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மேலே ஏறக் கெட்டி ஆயிலுக்கு இன்னும் நேரம் பிடிக்கும். அந்தச் சில நொடித் தேய்மானம்தான் குறுகிய ஓட்ட வண்டியின் பெரிய எதிரி.

மாட்டி ஓட்டிப் பார்த்தபோது, சூடான இன்ஜினில் 1.3 பார். செலவு 18,600 ரூபாய். இரண்டு வருடமும் நேரத்துக்கு ஆயில் மாற்றியிருந்தால் 5,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை

சார் வண்டிக் கையேட்டில் “10,000 கி.மீ அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது” என்று இருக்கிறது. இன்றைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றில் இப்படித்தான். நாம் முதல் பாதியைப் படித்துவிட்டு நின்றுவிடுகிறோம். இன்னும் சில பக்கம் தள்ளி, கடினமான பயன்பாடு என்று ஒரு அட்டவணை இருக்கும். தூசி நிறைந்த சாலை, குறைந்த தூரம் அடிக்கடி ஓட்டுவது, நின்றபடி நெடுநேரம் இன்ஜினை ஓடவிடுவது எல்லாம் அதில் வரும். பல கையேடுகளில் அதற்கு 5,000 கி.மீ அல்லது 6 மாதம். கடினம் என்றால் மலையேற்றம், பாரம் இழுப்பது என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் மெதுவாகப் போகும் கார்தான் அந்த அட்டவணைக்கு முதல் ஆள். டெல்டாவில் தை, மாசியில் சம்பா அறுவடைத் தூசியும் சாலையில் காயும் நெல்லும் வைக்கோலும் வேறு. அந்த மாதங்களில் ஏர் ஃபில்டரை ஒருமுறை தட்டிப் பாருங்கள். அது அடைத்தாலோ, ஓரத்தில் இடைவெளி விட்டாலோ தூசி கடைசியில் ஆயிலுக்குத்தான் போய்ச் சேரும்.

இதற்கு நேரெதிரான தப்பும் நடக்கிறது. தஞ்சாவூர், திருச்சி என்று நாலுவழிச் சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு 3,000 கி.மீட்டரில் ஆயில் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் ஆயில் கறுத்துவிட்டது என்பார்கள். கறுப்பை மட்டும் வைத்து ஆயில் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. டீசல் வண்டியில் மாற்றிய ஒருசில நாளிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னோடு சுமக்கிறது, வேலை செய்கிறது என்றுதான் பொருள். அடிக்கடி மாற்றினால் எங்களுக்கு வருமானம்தான். ஆனாலும் அப்படி மாற்றாதீர்கள் என்றே நான் சொல்வேன், அது வீண்.

டீசல் என்றதும் ஒன்று. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும், வண்டி தானாகக் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளித்து அந்தக் கரியை எரிக்கும். பத்திருபது நிமிடம் நல்ல வேகத்தில் ஓடினால்தான் அந்த வேலை முடியும். பாதியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால், தெளித்த டீசலில் ஒரு பங்கு ஆயிலில் இறங்கும். ஆயில் குச்சியில் அளவு ஏறும். “எங்க வண்டி ஆயிலே குடிக்கல, கூடத்தான் செய்யுது,” என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார். குறைவதைவிட அது மோசம். டீசல் கலந்து நீர்த்த ஆயில் பேரிங்கைத் தாங்காது. மேல்கோட்டைத் தாண்டினால், கிலோமீட்டர் எதுவாக இருந்தாலும் உடனே மாற்ற வேண்டும்.

சார் வண்டிக்கு நான் சொன்னது இது: ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும். வாரம் ஒரு நாள் தஞ்சாவூர் வரை ஒரு நடை, சுமார் 40 கி.மீ. ஆயிலில் சேர்ந்த ஈரம் அந்த ஒரு நடையில் வெளியேறிவிடும். மாதம் இருமுறை காலையில், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஸ்டார்ட் செய்யுமுன் குச்சி பார்ப்பது. வீட்டு வாசலிலேயே தினமும் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதாதா என்றும் கேட்டார். போதாது, அது கெடுதல். சூடேறாமல் ஈரத்தை மட்டும் சேர்க்கும்.

மாற்றிய பழைய ஆயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது ஆற்றுப் பாசன ஊர். முன்பெல்லாம் பட்டறைப் பின்புறச் சாக்கடையில் ஊற்றிவிடுவோம். அது பாமணியாற்றுக்கோ வாய்க்காலுக்கோ போய், யாரோ ஒருவர் நாற்றங்காலில் படலமாக மிதக்கும். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் அடக்கம். நான் பேரலில் சேர்த்து, அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்கிறேன். வீட்டில் தாங்களே மாற்றுகிறவர்கள் தயவுசெய்து அதே கேனில் ஊற்றிப் பட்டறையில் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.

அதன் பிறகு

உள்ளே மிச்சமிருக்கும் கசடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும் என்பதால், முதல் ஆயிலை 600 கி.மீட்டரிலேயே, 2025 ஜனவரியில் மாற்றினோம். கறுத்து, கொஞ்சம் மணல்போல நெருடியது. ஃபில்டரை அறுத்துப் பார்த்தால் கரித்தூள். அடுத்து ஜூன் 10ஆம் தேதி, 33,900 கி.மீட்டரில். இந்த முறை பழுப்பு நிறம், நெருடல் இல்லை. மூடியின் அடியில் நுரை இல்லை. கேஜில் 1.3 பார் அப்படியே நிற்கிறது. ஆயில் குறைவது மட்டும் முழுதாக நிற்கவில்லை. ஆயிலை வழித்துவிடும் ரிங்குகளில் சில இன்னும் இறுகியே இருக்க வேண்டும். 1,000 கி.மீட்டருக்குக் கால் லிட்டர் அளவில் இறங்குகிறது. சார் அதையும் நோட்டில் தேதி போட்டு எழுதிவருகிறார்.

ஸ்டிக்கரில் நான் கிலோமீட்டரை மட்டும் எழுதி ஒட்டியதுதான் இதில் என் பங்கு. அவர் ஸ்டிக்கரை நம்பினார், ஸ்டிக்கரில் பாதிதான் இருந்தது. புதிதாக அச்சடித்த ஸ்டிக்கரில் தேதி மேலே, பெரிய எழுத்தில். கிலோமீட்டர் கீழே. சார் வண்டியில் அந்த ஜூனில் ஒட்டியது: 10.12.2025 அல்லது 38,900 கி.மீ.